நான் அழித்த கடைசிப் பக்கம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வருடங்கள் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தேன் என்பதற்காக நான் எழுதத் தெரிந்தவளாகிவிட மாட்டேன். சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு முடிந்தது. வேலையில் சேர்ந்த பிறகு நான் தாளில் பதித்ததெல்லாம் திகதி முத்திரைதான்.

போன வருடம் நம் நூலகத்தில் எனக்குப் பிரியாவிடை நடத்தியபோது நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஸலாம் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு உங்களில் ஒருத்தி வீட்டுக்கு வந்து, "ராத்தா, கூட்டத்துல கதைக்க வெக்கமெண்டா எழுதித் தாங்களன். நாங்க வாசிக்கிறம்" என்றாள். அவளால்தான் இது.

புத்தகத்துக்கு இலக்கமிடுவது, பதிவது, அடுக்குவது எல்லாம் நீங்கள் டிப்ளோமாவில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். ஒருவர் கோபத்தோடு ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கவுண்டரில் வைக்கும்போது என்ன செய்வது என்பதை எந்த டிப்ளோமாவும் சொல்லித் தராது. எனக்கு ஒரு தடவை அது நடந்தது. அப்போது நான் செய்த பிழையைச் சொல்கிறேன்.

கறுப்பு அட்டை போட்ட நாவல் அது. அட்டையில் ஒரு வெள்ளைத் தொப்பி மட்டும் இருக்கும். கோப்பித் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து கூட்டி வரப்பட்டவர்களின் கதை. கடலைக் கடந்து, காட்டுப் பாதையில் நாட்கணக்காக நடந்து மலைக்குப் போகிறார்கள். வழியில் காய்ச்சலில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறான் வெள்ளைக்காரத் துரை. விட்டுவிட்டுப் போகிறார்கள். தோட்டத்தில் ஒவ்வொரு காலையும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். பெரட்டு என்று அதற்குப் பெயர். வழியில் விடப்பட்டவர்களின் பெயர்களும் பெயரேட்டில் வெட்டப்படாமல் இருக்கின்றன. ஒருநாள் காலையில் அப்படி ஒரு பெயரைக் கூப்பிட்டதும், வரிசையின் கடைசியிலிருந்து "இருக்கேன்" என்று பதில் வருகிறது. மறுநாள் இன்னொன்று. வரிசை நீண்டுகொண்டே போகிறது. துரை தலைகளை எண்ணுகிறான், எண்ணிக்கை சரிவரவில்லை. வழியில் மகளை விட்டுவிட்டு வந்த ஒரு தாய் மட்டும், மகளின் பெயர் எப்போது பதில் சொல்லும் என்று ஒவ்வொரு காலையும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இவ்வளவும் இப்போது சொல்கிறேன். அந்த நாட்களில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நான் அதை வாசித்திருக்கவில்லை.

எங்கள் ஊர் வாசகர்கள் ஒரு புத்தகத்தைத் திருப்பித் தரும்போது அதைப்பற்றி ஒன்றும் சொல்லமாட்டார்கள். இந்தப் புத்தகத்துக்கு மட்டும் எல்லோரும் கவுண்டரில் நின்று கதைத்தார்கள். மருதமுனையில் நெசவு செய்யும் ஜெசீமா, "பேய் வருமெண்டு போர்வைய இழுத்துப் போட்டுக்கிட்டு வாசிச்சன் ராத்தா. பேய் வாற இடத்துல எனக்குப் பயமில்ல. அந்தத் தொர வாற இடத்துலதான் நெஞ்சு பட்டுப்பட்டெண்டு அடிக்கிது" என்றாள். ஒலுவில் துறைமுகத்தில் படகு வைத்திருக்கும் கபூர் காக்காவுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுத்திருக்கிறார்கள். மாமனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் புத்தகம் எடுத்துக்கொண்டு போவார். அவர் வேறு மாதிரி.

"தங்கச்சி, இத எழுதினவன் கடலக் கண்ணாலயும் காணல்ல. அந்தக் காத்துக்குத் தோணி அப்பிடிப் போகா."

"அப்ப பேய் காக்கா?"

"பேய் எல்லாம் சரியா இரிக்கி. காத்துத்தான் பிழை."

கவுண்டரில் சொல்ல வெட்கப்பட்டவர்கள் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் எழுதினார்கள். எங்கள் நூலகத்தில் இது நெடுநாள் பழக்கம். விதிப்படி குற்றம். வியாழக்கிழமை பின்னேரங்களில் நான் அழிறப்பரோடு உட்கார்ந்து, திரும்பி வந்த புத்தகங்களின் கடைசிப் பக்கங்களை அழிப்பேன். என் வேலைகளில் அதுவும் ஒன்று. இந்தப் புத்தகத்தை மட்டும் சில மாதங்கள் அழிக்காமல் விட்டிருந்தேன். அந்தப் பக்கத்தை வாசிக்க எனக்கே ஆசையாக இருந்ததுதான் காரணம்.

"145ஆம் பக்கத்தை வீட்டில் தனியாக இருக்கும்போது வாசிக்க வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். "தனியாகத்தான் வாசித்தேன். தேத்தண்ணீர்தான் ஆறிப்போனது" என்று அதன் கீழே இன்னொருவர். "துரைக்கு ஏன் கடைசிவரை பெயர் இல்லை?" "மற்றவர்களின் பெயரைக் கேட்டானா அவன்?" அதற்கும் கீழே, "இது வரலாறா, கற்பனையா?" என்று ஒரு பள்ளிக்கூடக் கையெழுத்து. பதில் ஒரு முதிர்ந்த கையெழுத்தில் இருந்தது: "செத்தவர்கள் வந்தது கற்பனை. செத்தது வரலாறு."

பக்கத்தின் அடியில், ஒன்றின் கீழ் ஒன்றாகச் சில பெயர்கள் சின்ன எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. நாவலில் வரும் ஆட்களை யாரோ நினைவுக்காகக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது.

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் எங்கள் நிரந்தர வாசகர். ஊர் முழுக்க அதிபர் சேர் என்றுதான் சொல்லும். நானும் அவரிடம் படித்தவள். காலை பத்து மணிக்கு வந்து, கறுப்பு அட்டைப் புத்தகத்தைக் கவுண்டரில் வைத்தார். சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. அன்றும் சத்தம் போடவில்லை.

"இத வாசிச்சீங்களா?"

நான் திகதித் தாளைப் புரட்டிப் பார்த்தேன்.

"என்ட கார்டுல பேத்தி கொண்டு வந்திரிக்கா. எட்டாம் வகுப்புப் புள்ள. மூணு நாளா முகம் கழுவப் போறண்டாலும் உம்மாவக் கூப்பிடுறா. மௌத்தானவங்க எழும்பி வந்து பேருக்குப் பதில் சொல்லுறாங்களாம். மௌத்தானவங்க வாறல்ல மகள். எங்கட மார்க்கத்துல அப்பிடி ஒரு கதை இல்ல. இத எடுத்துடுங்க."

அவர் போய்விட்டார். அவரோடு முடிந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். வாசிப்பறையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த யாரோ இதைக் கேட்டிருக்கிறார்கள். லுஹர் தொழுகைக்கு முன்னரே வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்துவிட்டது. நூலகத்தில் பிள்ளைகளுக்குச் சூனியப் புத்தகம் கொடுக்கிறார்களாம். என் தம்பியே எனக்கு அனுப்பிவிட்டு, "இது ஒங்கட லைப்ரரியா ராத்தா?" என்று கேட்டிருந்தான்.

எங்கள் நூலகர் அப்போது உம்றாவுக்குப் போயிருந்தார். எனக்கு வேலை பழக்கியவர் அவர்தான். கோபிக்கவே தெரியாதவர். மூன்று கிழமைக்குச் சாவிக்கொத்து என்னிடம் இருந்தது. மக்காவுக்குப் போன் எடுத்தேன். நாலாவது தடவை கிடைத்தது.

"சேர், ஒரு பிரச்சினை. ஒரு புத்தகத்த எடுக்கச் சொல்லுறாங்க."

"நீங்க வாசிச்சீங்களா?"

"இல்ல சேர்."

"அப்ப என்னட்ட என்னத்தக் கேக்கப் போறீங்க? முதல்ல வாசிங்க. சாவி ஒங்கட கையிலதானே இரிக்கி. நான் தவாபுக்குப் போறன், துஆச் செய்யிறன்."

இணைப்பு அறுந்துவிட்டது. ஒரே நாளில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்கள். அதிலேயே நான் விளங்கியிருக்க வேண்டும். பயம் வந்தால் காது கேட்பது மூளைக்குப் போகாது.

நான் செய்தது இதுதான். புத்தகத்தை இரும்பு அலுமாரிக்குள் வைக்கப் போனேன். யாராவது வந்து புத்தகத்தைக் காட்டு என்று கேட்டால், கடைசிப் பக்கத்தில் இவ்வளவு பேர் எழுதியிருப்பதைக் கண்டு இன்னும் பெரிதாக்குவார்கள் என்று தோன்றியது. அழிறப்பரை எடுத்தேன். தேத்தண்ணீர் ஆறிய கதை, துரையின் பெயர், செத்தவர்கள், செத்தது, அடியிலிருந்த பெயர்கள் எல்லாம் போயின. துகளை ஊதினேன். பக்கம் வெள்ளையாகிவிட்டது. அலுமாரியைப் பூட்டினேன். எனக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியை நம்பாதீர்கள், பிள்ளைகளே. நூலகத்தில் எதையாவது பூட்டியபின் நிம்மதி வந்தால், யாரோ ஒருவரின் கதவைச் சாத்தியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாருடைய கதவு என்பது அடுத்த நாளே தெரிந்தது.

முருகேசு எங்கள் பிரதேச சபையின் சுகாதாரப் பிரிவில் வீதி கூட்டுகிறவர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அவருடைய தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து இங்கே இறங்கி வந்து இதே வேலையில் சேர்ந்தவர். சபை கொடுத்த வீட்டில்தான் குடும்பம். பகல் சாப்பாட்டு நேரத்தில் முருகேசு நூலகத்துக்கு வருவார். வெளிக் குழாயில் கையை முழங்கை வரை கழுவி, சாரத்தில் துடைத்து, காய்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவார். கதவடியில் உள்ள நாற்காலியில் இருந்து அரை மணித்தியாலம் வாசிப்பார். ஆறு வருடமாக இப்படித்தான். அவருக்கு அங்கத்துவ அட்டை இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், எங்கள் சபை எல்லைக்குள் சோலைவரி என்ற வீட்டு வரி கட்டும் ஒருவர் பிணை கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று அவர் அலுமாரிகளைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் கவுண்டருக்கு வந்தார்.

"மிஸ், அந்தத் தொப்பி போட்ட புத்தகம் வெளிய போயிருச்சுங்களா?"

"ஓம்," என்றேன். "ஒராள் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

"எப்ப வரும்?"

"தெரியா."

போகாமல் நின்றார். "எனக்கு இன்னும் கொஞ்சப் பக்கந்தான் இருக்கு மிஸ். புத்தகம் இங்க இருக்கிற நாள்லெல்லாம் பத்துப் பக்கமா வாசிச்சு வந்தேன். அந்தப் பொம்பளயோட மக பேருக்குப் பதில் வந்துச்சா இல்லையான்னு மட்டும் சொல்லுவீங்களா? அது போதும்."

என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடாது என்பதால் அல்ல, எனக்குத் தெரியாது. வாசிக்காத புத்தகத்தைப் பூட்டி வைத்திருக்கிறேன், அதை வாசிக்கிற மனிதனிடம் பொய்யும் சொல்லிவிட்டேன். "பாத்துச் சொல்லுறன்" என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அலுமாரியைத் திறந்து புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஜும்ஆ முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு முற்றத்து மாமரத்தடியில் தொடங்கி, சனிக்கிழமை பின்னேரம் முடித்தேன். பேய்க்கதைதான். பயமாகவும் இருந்தது. ஆனால் நான் பயந்து நின்ற இடம் ஒரு பேயும் இல்லாத இடம். காய்ச்சலில் கிடக்கும் ஒரு கிழவன், தன்னை விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து, "பரவாயில்ல, நேரமாகுது, நடங்க" என்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாய்க்குப் பதில் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லமாட்டேன். வாசிக்காதவருக்கு முடிவைச் சொல்வது எங்கள் தொழிலில் பாவம்.

முடித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். வெயில் சரிந்து விழுந்ததில் பென்சில் அழுத்திய தடங்கள் லேசாகத் தெரிந்தன. அடியிலிருந்த பெயர்களில் ஒன்று வேலாயி. அப்படி ஒருத்தி நாவலில் எங்கும் இல்லை. மறுபடி புரட்டிப் பார்த்தேன், இல்லை. அப்படியானால் யாருடைய பெயர்கள் அவை? மற்றத் தடங்களை வாசிக்க முடியவில்லை. நான் அழுத்தி அழித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு கூட்டம் கூட்டினேன். கூட்டம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வாசிப்பறைக்கு வரச்சொல்லி நாலு பேருக்குச் சொன்னேன். அதிபர் சேர், ஜெசீமா, கபூர் காக்கா, முருகேசு. முருகேசு, "நான் மெம்பர் இல்லையே மிஸ்" என்றார். "வாசகர்தானே, வாங்க" என்றேன்.

வந்தார்கள். மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். முருகேசு பழக்கப்படி கதவடி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

"தங்கச்சி, அந்தத் தாளக் கீழ வையுங்க. தோணிப் பாய் மாதிரி அடிக்கிது" என்றார் கபூர் காக்கா. ஜெசீமா சிரித்துவிட்டாள். அதனால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"நான் இத வாசிச்சிட்டன்" என்றேன். "புள்ளையளுக்குக் குடுத்திருக்கப்படாது. சேர்ட கார்டு எண்டதும் பாக்காம முத்திரை குத்தினது என்ட பிழை. அது இனி நடக்கா. ஆனா புத்தகத்த எடுக்கிறதுக்கு எனக்கு மனமில்ல. வாசிச்ச நீங்க சொல்லுங்க."

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டோடு வருகிறவரிடம் ஒரு நியாயம் இருக்கும். அதை முதலில் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள். பிறகுதான் உங்கள் நியாயத்தை அவர் காதில் வாங்குவார்.

ஜெசீமாதான் முதலில் வாயைத் திறந்தாள். "சேர், குறை நினைக்கப்படாது. இது பேயக் கும்பிடச் சொல்லுற புத்தகமில்ல. அந்தச் சனத்துக்கு நடந்த அநியாயத்தச் சொல்லுறதுக்கு அந்தாள் ஒரு வழி எடுத்திரிக்கார்."

"வேற வழி கிடைக்கல்லயா அவருக்கு?" என்றார் அதிபர் சேர்.

"காத்தையும் கொஞ்சம் சரியா எழுதியிருக்கலாம்" என்றார் கபூர் காக்கா.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதிபர் சேர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். பக்கம் தேடவில்லை, சரியான இடத்தில் திறந்தார். பேத்தியைச் சாட்டிக்கொண்டு வந்தவர் முழுப் புத்தகத்தையும் வாசித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பெரட்டுப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"கடல் வந்ததுக்குப் பொறகு பள்ளிக்கூடம் திரும்பத் தொறந்த அண்டைக்கு, எட்டாம் வகுப்புக்கு டீச்சர் இல்ல. அவவும் போயிட்டா. நான்தான் இடாப்ப எடுத்துக்கிட்டுப் போனன். பேர் கூப்பிட்டன். பதில் வராத பேர ரெண்டாந்தரம் கூப்பிட்டன். மூணாந்தரமும் கூப்பிட்டன். எனக்குத் தெரியும், கபுறுல வச்சு மண் போட்டவன் நான். எண்டாலும் கூப்பிட்டன். ஒரு புள்ளையும் பதில் சொல்லல்ல." கையை எடுத்தார். "இவன் எழுதுறான், மௌத்தானவங்க பதில் சொன்னாங்களாம்."

கபூர் காக்கா குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுனாமிக் கடலில் அவர் யாரை விட்டவர் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த மனிதனிடம் இனி எந்த நியாயத்தைச் சொல்வது என்று நான் திகைத்துப்போய் நின்றேன்.

"சேர், நான் ஒண்ணு சொல்லலாமா?"

முருகேசு எழுந்து நின்றிருந்தார்.

"நீங்க சொல்றதுதான் சரிங்க சேர். செத்தவங்க வரமாட்டாங்க. வருவாங்கன்னா எங்க அப்பா அவங்க பேரெல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கத் தேவையில்லையே. அவங்களே வந்து சொல்லிருப்பாங்களே."

"எந்தப் பேர்?"

"எங்க ஆளுங்க சேர். பூட்டன் காலத்துல நடந்து வந்தப்போ வழியில விடுபட்டுப் போனவங்க. படையல் போடுற நாள்ல அப்பா ஒவ்வொரு பேரா சொல்லித்தான் வைப்பாரு. எனக்கு எழுதி வைக்க இடமில்ல. அதான் இந்தப் புத்தகத்துல கடைசியில எழுதினேன். அவங்க கதைதானே, அங்க இருக்கட்டும்னு. தப்புன்னா மன்னிச்சிருங்க. பென்சில்லதான் எழுதினேன்."

அதிபர் சேர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். வெள்ளைத் தாள். என்னைப் பார்த்தார்.

ஒரு பொய் இருந்தது, சொல்வதற்கு வசதியாக. யாரோ அழித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை வழமைப்படி அழித்தேன் என்று சொன்னால் பொய்கூட இல்லாதது மாதிரி இருக்கும். மூன்று பேர் முன்னால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு, அன்று ஒட்டவில்லை.

"நான்தான் அழிச்சன்" என்றேன். "பயத்துல அழிச்சன். யார்ர பேர், என்ன பேர் எண்டு கேக்கல்ல. புத்தகம் வெளிய போயிட்டு எண்டு ஒங்களுக்குச் சொன்னதும் பொய். அலுமாரிக்குள்ளதான் இருந்திச்சு."

முருகேசு என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்தார். "அழிச்சிட்டீங்களா" என்றார். அது கேள்வி அல்ல. "மொதல்ல வழியில விட்டாங்க" என்றார். எனக்கு அவர் ஏசியிருக்கலாம் என்றிருந்தது.

அதிபர் சேர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் எழுதி வைத்திருந்த தாளைத் திருப்பிப்போட்டார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வகுப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"பேரச் சொல்லுங்க."

"சேர்?"

"ஒங்கட அப்பா சொன்ன மாதிரி, ஒண்டொண்டாச் சொல்லுங்க."

முருகேசு கைகளைக் கட்டிக்கொண்டார். "கருப்பன்" என்றார். "காத்தாயி. சின்னான். வேலாயி. பழனி. ராக்கு. முனியன். அங்கம்மா." ஒவ்வொரு பெயருக்கும் அதிபர் சேர் "ம்" என்றார், எழுதினார், "அடுத்தது" என்றார். "பொன்னன். அப்புறம் ஒரு பிள்ள. பேர் வைக்கல."

பேனா நின்றது. "ஆம்பிளப் புள்ளையா, பொம்பிளப் புள்ளையா?"

"தெரியலீங்க சேர். அப்பாவுக்கும் தெரியாது."

அதிபர் சேர் பேனாவை அடுத்த வரிக்குக் கொண்டுபோனார். பிறகு "பிள்ளை" என்று எழுதி, தாளை என்னிடம் நீட்டினார்.

"என்ட கருத்து மாறல்ல" என்றார். "அந்தக் கதை பிழை. இந்தப் பேர் பிழையில்ல. புத்தகத்துல ஒட்டுங்க. பெரியவங்களுக்கு மட்டும் குடுங்க."

அப்படித்தான் முடிவாயிற்று. நான் இன்னும் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. கவுண்டர் லாச்சியை இழுத்து அங்கத்துவப் படிவம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். ஆறு வருடமாக அந்தப் படிவங்கள் அந்த லாச்சியில்தான் இருந்தன. நான் ஒரு தடவைகூட முருகேசுவிடம் நீட்டியதில்லை. யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்று நானே தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தேன். ஒருவரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கதவடி நாற்காலியை அங்கே போட்டவளும் நான்தான். அவர் பக்கத்தில் இருந்தால் சிலர் எழும்பிப் போவார்கள் என்று, ஒருவரும் முறையிடுவதற்கு முன்னரே நகர்த்தி வைத்தேன். வெள்ளைக்காரத் துரையின் அநியாயத்தை மாமரத்தடியில் வாசித்து உருகியவள் நான். என் வாசிப்பறையில் நான் போட்ட நாற்காலியைப் பற்றி ஒருவரும் நாவல் எழுதவில்லை.

"பிணைக்கு ஒராள் வேணும்" என்றேன்.

"கொண்டாங்க, நான் போடுறன்" என்று கபூர் காக்கா பேனாவை வாங்கினார். "புத்தகத்தக் கொண்டு கடலாலயா ஓடப்போறார்? ஓடினாலும் என்ட படகுலதான் ஓடணும்."

"காக்கா, நீங்க ஒலுவில். எங்கட எல்லைக்குள்ள சோலைவரி கட்டுற ஆள் வேணும்."

"அப்ப எனக்கு மட்டும் எப்பிடிப் புத்தகம் தாறீங்க?"

"அது ஒங்கட மாமனார்ட கார்டு."

முருகேசு கூடச் சிரித்தார். அதிபர் சேர் படிவத்தை வாங்கி, முன்னும் பின்னும் முழுதாக வாசித்தார். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார்.

நூலகர் உம்றா முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஒட்டியிருந்த தாளை வாசித்தார். விதிப்படி கிழிக்க வேண்டும். அவர் நூலக முத்திரையை எடுத்து அந்தத் தாளின் மூலையில் குத்தினார். "இப்ப இது நூலகச் சொத்து. இனி அழிக்கேலா" என்றார். எனக்கு ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் தந்தார். வட்ஸ்அப் குரல் பதிவு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதற்குள் வேறொரு பதிவு வந்துவிட்டது, ஒரு மீன் பற்றி.

இப்போது என் இடத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கடைசிப் பக்கங்களை அழியுங்கள், அது வேலை. ஆனால் வாசித்துவிட்டு அழியுங்கள். பெயர் இருந்தால் கையை நிறுத்துங்கள். ஒருவர் ஒரு புத்தகத்தை எடுக்கச் சொன்னால் அவர் எந்தப் பக்கத்தில் காயப்பட்டார் என்று பாருங்கள். சொல்லும் காரணம் ஒன்றாக இருக்கும், காயம் வேறு பக்கத்தில் இருக்கும். இவ்வளவுதான் முப்பத்தொரு வருடத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த நாள் புதன்கிழமை. காலையில் கதவடி நாற்காலியைத் தூக்கி, மற்ற நாற்காலிகளோடு மேசைக்கு முன்னால் போட்டேன். பகல் முருகேசு வந்தார். வெளிக் குழாயில் கை கழுவினார். கறுப்பு அட்டைப் புத்தகத்தையும் தன் புது இரவல் அட்டையையும் கவுண்டரில் வைத்தார். நான் பதினான்கு நாள் திகதியைக் குத்திக் கொடுத்தேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.